ஃபஹ்மியா இறங்கிய ஊர்கள்

என் தங்கச்சி ஃபஹ்மியாவுக்கு டோக்கியோவில் தெரியாத சந்து கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் கற்பிட்டியில் சிலர் வாயைக் கோணுவார்கள். கோணட்டும்! நான் றம்லா, அவளுக்கு மூத்தவள். அவள் பிறந்த அன்று துணியில் சுற்றிக் கொடுத்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான்தான். அவளைப் பற்றிப் பெருமையடிக்க நான் யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. கேட்க விருப்பமில்லாதவர்கள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம்.

எங்கள் வாப்பா ஹாசிம் படகுக்காரர். மூன்று படகும் கரையில் ஒரு கருவாட்டு வாடியும் அவருக்கு உண்டு. மீனைக் கீறி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்புகிற கொட்டிலைத்தான் வாடி என்போம். வாப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை, நாங்கள் இரண்டு பெண்கள்தான். உம்மா எங்கள் சின்ன வயதிலேயே மௌத்தாகிவிட்டார். எங்களை வளர்த்தது வாப்பாவின் சத்தம் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. கரையில் நின்று அவர் கத்தினால் படகில் இருப்பவன் செய்கிற வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட மனுஷருக்கு, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் மட்டும் எங்கிருந்து வந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஃபஹ்மியாவைக் கனமூலையில் ஒரு வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்தோம். அந்த ஆளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, என் வாய்தான் கெட்டுப்போகும். வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டு இவளைத் தலாக் சொல்லி அனுப்பிவிட்டான். ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். ஊர்ச் சனம் துக்கம் விசாரிக்க வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தவளே அவள்தான். மூலையில் குந்தி மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை என் தங்கச்சி.

கொஞ்ச நாளில் சிலாபத்தில் ஒரு சிங்கள டீச்சர் ஜப்பான் பாஷை படிப்பிக்கிறார் என்று கேள்விப்பட்டாள். கற்பிட்டியில் பஸ் ஏறி, பாலாவியில் மாறி, முந்தல் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காத நாட்களில் நின்றபடியே உள்ளங்கையில் விரலால் ஜப்பான் எழுத்தைக் கீறிக் கீறிப் பழகினாளாம். பாடம் சிங்களத்தில், யோசனை தமிழில், பரீட்சை ஜப்பான் பாஷையில். பாஸாகி வந்தாள். வயசாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் டோக்கியோவில் வேலையும் கிடைத்தது.

வாப்பா வெடித்தார். "வயசாளிகளக் குளிப்பாட்டுற வேலக்கி ஹாசிம்ட மகள் போறதா? அதுவும் தனியா? ஊருல நான் எப்படி மொகம் முழிக்கிற?"

"என்ட கையால நான் உழைக்கப் போறன் வாப்பா. இதுல மொகத்துக்கு என்ன வந்த?" என்றாள் இவள்.

அதோடு சரி. அன்றிலிருந்து வாப்பா அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவள் ஜப்பானிலிருந்து ஃபோன் எடுத்தால் என் கையில் தந்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். பள்ளிவாசலில் யாராவது சின்ன மகளைப் பற்றிக் கேட்டால், "கொழும்புல இருக்கா, ஒரு கந்தோர்ல" என்பார். கந்தோர் என்றால் ஆபீஸ். பள்ளித் தலைவர் நஜாத் ஹாஜியாரிடமும் அதே கொழும்பு, அதே கந்தோர். ஊருக்கே உண்மை தெரியும். கற்பிட்டியில் இதெல்லாம் மறைக்க முடியுமா? ஆனால் வாப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்தவர் இல்லை. வருஷங்கள் இப்படியே போயின.

ஒருநாள் ஃபஹ்மியா ஃபோனில் என்னிடம் சொன்னாள். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். "தாத்தா, வாப்பா எனக்கிட்ட மன்னிப்புக் கேக்க வேணாம். காசு வேணாம், காணி வேணாம். யாராவது கேட்டா, என்ட மகள் ஜப்பான்ல இன்ன வேல செய்றாண்டு அவர்ட வாயால ஒருக்கா சொன்னாக் காணும்."

இவ்வளவு சின்ன ஆசையை இவ்வளவு காலம் ஒருத்தி சுமப்பதா? அவருக்கு அவளைக் கண்ணால் காட்டாமல் இந்தக் கதை முடியாது என்று நான் தீர்மானித்தேன். அவளும் எங்கள் இரண்டு பேருக்கும் விசா எடுக்க வேண்டிய எல்லாவற்றையும் அனுப்பினாள். வாப்பாவிடம் உம்ராவுக்குப் போக எடுத்த பாஸ்போட் இருந்தது. "நான் வரல்ல," என்றார். எனக்கும் அவருடைய ரத்தம்தானே?

"சரி, அப்ப நான் தனியாப் போறன்," என்றேன்.

"தனியாவா?"

"ஓம். அவருக்கு வாடிய விட்டுட்டு வர ஏலாது." அவர் என்றது என் வீட்டுக்காரர் ஃபாஹிமை. "நீங்களும் வரமாட்டீங்க. நான் தனியாத்தான் போகணும்."

"மஹ்ரம் இல்லாம ஒரு பொம்புள அவ்வளவு தூரம் போறதா? ஒருத்தி போனது காணாதா?"

மஹ்ரம் என்றால் பிரயாணத்தில் பெண்ணுக்குத் துணை வரக்கூடிய நெருங்கிய ஆண். நான் சூட்கேஸைத் துடைக்க ஆரம்பித்தேன். வாப்பா உள்ளே போனார், வெளியே வந்தார், திரும்ப உள்ளே போனார். கடைசியில், "உன்னத் தனிய விட ஏலாதுண்டுதான் வாறன். வேற ஒண்டுக்கும் இல்ல. விளங்குதா?" என்றார். "விளங்குது வாப்பா," என்று தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஊரில் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று நினைக்கிறீர்கள்? "கொழும்புக்குப் போறம், மகளப் பாக்க." புத்தளத்தில் தடிப்பான கம்பளிச் சட்டை ஒன்று வாங்கும்போதும் கடைக்காரரிடம் அதையேதான் சொன்னார். கொழும்பில் எந்தக் காலத்தில் குளிர் அடித்தது, யா அல்லாஹ்!

டோக்கியோவில் ஃபஹ்மியா இருக்கும் பகுதிக்குப் பெயர் ஜூஜோ. கூரை போட்ட நீளமான கடைத்தெரு ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு கை நீட்டினால் மறு சுவர் தொடுகிற சந்துகள். பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. ஹலால் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஒரு பங்களாதேஷ்காரர் தன் வீட்டு மேல்மாடி அறையை எங்களுக்குத் தந்தார். விமான நிலையத்தில் ஃபஹ்மியா சலாம் சொன்னாள். வாப்பா பதில் சலாம் சொன்னார், அது கடமை. மற்றதெல்லாம் என் வழியாகத்தான். "அவகிட்டக் கேளு, கக்கூஸ் எந்தப் பக்கம்?" "அவகிட்டச் சொல்லு, எனக்கு இந்தச் சோறு சரிவராது." பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் சொல்வதற்கு நான் தபால்காரியா? கோபம் கோபமாக வந்தது. ஃபஹ்மியாதான் கண்ணால் என்னை அடக்கினாள்.

மறுநாள் காலை அந்தக் கடைத்தெருவால் நடந்தோம். பங்களாதேஷ்காரர் கடைக்குள்ளிருந்து ஓடி வந்து வாப்பாவைக் கட்டிப்பிடித்து, "ஹாசிம் சாஹிப்! மூன்று படகு!" என்று விரலைக் காட்டினார். மரக்கறி விற்கிற ஜப்பான் அம்மா ஒருவர் குனிந்து வணங்கி ஏதோ கேட்டார். "கடலுக்குப் போற வாப்பா இவர்தானாண்டு கேக்குறா," என்றாள் ஃபஹ்மியா. டோஃபு விற்கிறவர், சைக்கிள் திருத்துகிறவர், எல்லாருக்கும் வாப்பாவைத் தெரிந்திருந்தது.

வாப்பா என் காதுக்குள் கேட்டார். "இவங்களுக்கு என்ன எப்படித் தெரியும்?"

"உங்கட மகள்தான் சொல்லி வச்சிருக்கா. வேற யாரு?"

அவர் அவளை ஊருக்கு மறைத்தார். அவளோ அவரைப் பாஷை தெரியாத ஊரில் தெருத் தெருவாகச் சொல்லி வைத்திருந்தாள். வாப்பா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நடந்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் லீவு எடுத்திருந்தாள். நாளுக்கு ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அவள் நடப்பாள், நாங்கள் ஓடுவோம். ரயிலை நாங்கள் கோச்சி என்போம். கோச்சி மாறும் இடங்களில் சனம் ஆற்றுவெள்ளம் மாதிரி வரும், அவள் அதற்குள் புகுந்து, எங்களையும் இழுத்துக்கொண்டு, சரியான படியால் ஏறி, சரியான வாசலால் வெளியே கொண்டுவந்து விடுவாள். அசகுசாவில் பெரிய சிவப்பு விளக்கின் கீழே ஆட்கள் படம் பிடிக்க, வாப்பா ஆற்றுப் பக்கம் போய்ப் படகுகளை எண்ணிக்கொண்டு நின்றார். யனக்காவில் பழைய வீடுகளும் கல்லறைகள் நிறைந்த மையவாடிகளும் பூனைகளுமாக ஒரு அமைதி. அங்கே வாப்பா முதல் தடவையாக, "பரவால்ல," என்றார். யாரிடம் சொன்னார்? பூனையிடம்.

கவகோயேக்கு ஒருநாள் போனோம். கறுப்புச் சுவர் வைத்த பழங்காலத்துக் கடைகள். வத்தாளங்கிழங்கை, அதுதான் சர்க்கரைவள்ளிக் கிழங்கை, அங்கே எத்தனை விதமாகச் செய்கிறார்கள் தெரியுமா? சுட்டது, பொரித்தது, சீனிப்பாகு ஊற்றியது. கல்லால் ஆன கடைவாசலில் நின்று வாப்பா நான்கைந்து சாப்பிட்டார். காமாகுராவுக்குப் போனபோது, "பெரிய புத்தர் சில ஒண்டு இருக்கு," என்றாள் ஃபஹ்மியா. "அத நான் அனுராதபுரத்துல பாத்துட்டன், அவகிட்டச் சொல்லு," என்றார். அவளுக்குச் சிரிப்பு, எனக்கு எரிச்சல்.

சுகிஷிமாவில்தான் ஒரு காரியம் நடந்தது. அது ஆற்று முகத்தில் இருக்கும் ஒரு தீவு, உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஒடுக்கமான சந்துகள், வாசலுக்கு வாசல் பூச்சட்டி. ஒரு மரக் கதவுக்கு முன்னால் நின்று ஃபஹ்மியா படம் எடுத்தாள். பிறகு எதிர்ப் பக்கத்துப் பூச்சட்டியை எடுத்தாள். பிறகு தெருவின் தண்ணீர்க் குழாயை.

"அவ என்னத்துக்கு ஊரான்ட கதவப் படம் புடிக்கிறா?" என்று வாப்பா என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்க முன்னமே அவள் சொல்லத் தொடங்கினாள். முகம் என் பக்கம், குரல் வாப்பாவுக்கு. "எங்கட இல்லத்துல மொரிதா எண்டு ஒரு வயசாளி இருக்கார் தாத்தா. எல்லாத்தயும் மறக்குற வருத்தம். நான் வந்த புதுசுல அவர் குளிக்கவே மாட்டார். கிட்டப் போனா அடிப்பார். நான் பொறந்தது சுகிஷிமா, நீ யாருண்டு கத்துவார். எனக்கு வந்த லீவுல இந்த ஊரத் தேடி வந்தன். இந்தச் சந்தப் படம் எடுத்துட்டுப் போய்க் காட்டினன். இந்தக் கொழாய்லதான் எங்கட உம்மா தண்ணி புடிப்பாண்டு சொன்னார். அண்டைக்கி அவராவே குளிக்க எழும்பினார்."

அதுதான் என் தங்கச்சி. இல்லத்தில் யார் எந்த ஊர் என்று கேட்பாள், லீவு நாளில் அந்த ஊரில் போய் இறங்குவாள். மலை அடிவாரம், கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், மீன்பிடித் துறை என்று டோக்கியோவையும் சுற்றுப்புறத்தையும் அவள் படித்தது அப்படித்தான். மற்றவர்கள் ஊர் பார்க்க ஊர் பார்ப்பார்கள். இவள் மறந்துபோன கிழடுகளுக்கு அவர்களுடைய ஊரைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க ஊர் பார்த்தாள். கூட வேலை செய்யும் நேபாளப் பிள்ளைகளும் இந்தோனேசியப் பிள்ளைகளும் இப்போது இவளுக்குப் பின்னால் வரிசையாகத் திரிகிறார்களாம். மாஷா அல்லாஹ் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

வாப்பா போகும்போது அந்தத் தண்ணீர்க் குழாயை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

கடைசிப் பயணம் சோஷிக்கு. டோக்கியோவிலிருந்து கிழக்கே, கோச்சியில் ரெண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட. இல்லத்தில் இருக்கிற ஒரு பாட்டியம்மாவின் ஊர் அது, மீன் காயவைக்கிற குடும்பமாம். அங்கே இறங்கியதும் வாப்பாவின் மூக்கு விரிந்தது. கருவாட்டு மணம்! பெரிய துறைமுகம், மலை மாதிரிச் சாளை மீன், பின்னால் காற்றாலைகள் சுற்றுகின்றன. எங்கள் நுரைச்சோலைப் பக்கம் வந்துவிட்டோமோ என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. இந்த மனுஷர் அதுவரை எங்கே ஒளிந்திருந்தாரோ! கடைக் கடையாக ஏறினார். ஒரு கருவாட்டை எடுத்து முறித்து, மணந்து, வாயில் போட்டு, "உப்புக் காணாது," என்றார். கடைக்கார அம்மா என்ன என்று கேட்க, ஃபஹ்மியா மொழிபெயர்த்தாள். அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் மீனை எப்படிக் கீறுவது என்று கையாலேயே கதைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் பாஷை எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு பழைய சின்னக் கோச்சி ஒன்றில் ஏறி, முட்டைக்கோஸ் விளைகிற கோவாத் தோட்டங்களுக்கு நடுவே போய், கப்பல்களுக்கு வழிகாட்டும் வெள்ளை வெளிச்சவீடு நிற்கும் முனைக்கு வந்தோம். கீழே பாறை, அதற்கப்பால் கண் போகிற தூரம் வரை கடல். பின்னேரத் தொழுகையான அஸர் நேரம் வந்துவிட்டது. டோக்கியோ போய்ச் சேர இருட்டிவிடும், அதனால் மத்தியானத்து லுஹரையும் சேர்த்து அங்கேயே தொழ வேண்டும். மற்ற நாட்களில் எப்படியாவது பள்ளிவாசலுக்குத் திரும்பிவிடுவோம், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறந்த வெளி. ஒரு புல்தரையில் வாப்பா தன் சால்வையை விரித்தார். கடலைப் பார்த்து விரித்தார்.

இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். கற்பிட்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்பு. கடல் என்றால் மேற்கு, களப்பு என்றால் கிழக்கு. சூரியன் கடலில் இறங்கும், தொழும்போது முகம் திருப்ப வேண்டிய மக்கா திசையான கிப்லாவும் கடல் பக்கம். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துத்தான் தொழுகிறோம். எங்கள் ஆட்களை எங்கே கொண்டுபோய் விட்டாலும் கடலைக் கண்டால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. வாப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"வாப்பா," என்றாள் ஃபஹ்மியா. "அந்தப் பக்கம் இல்ல."

சலாமை விட்டால், எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேருக்கு நேரே சொன்ன வார்த்தை அது. வாப்பாவின் முகம் சிவந்தது.

"அவகிட்டச் சொல்லு, கடல் எந்தப் பக்கம்டு எனக்குப் படிப்பிக்க வேணாமாம். நான் பொறந்ததே கடல்ல."

"கடல் அதுதான் வாப்பா. கிப்லா அது இல்ல. இங்க கடல் கிழக்குல இருக்கு."

"கடல் கிழக்குல இருக்குமா? வெசர் பிடிச்சவன் சொல்ற கத!"

தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார். நான் என்ன செய்வேன்? வாப்பாவுக்குப் பின்னால் நானும் கையைக் கட்டினேன். ஃபஹ்மியா கட்டவில்லை. பக்கத்தில் நேராக நின்றாள். அவளுக்குத் தெரிந்த உண்மையை விட்டு வாப்பாவைச் சந்தோஷப்படுத்த ஒரு அடி நகரவில்லை. அவள் கைகளைக் கீழே தொங்கவிட்டபடியே நின்றதை நான் கடைக்கண்ணால் கண்டேன், தொழுகையில் அப்படிப் பார்க்கக் கூடாதுதான்.

வாப்பா வாய்க்குள் ஓதினார். பாதியில் நிறுத்தினார். திரும்ப ஓதினார், திரும்ப நிறுத்தினார். நான் தலையை உயர்த்தாமலே பார்த்தேன். அவர் சுஜூதில் நெற்றி வைக்கும் இடத்தில், அவருக்கு முன்னால், அவருடைய நிழலே நீளமாக விழுந்து கிடந்தது. ஊரில் அஸருக்கு நின்றால் வெயில் முகத்தில் அடிக்கும், கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் தொழுவோம். இங்கே வெயில் முதுகில் அடித்தது. நாற்பது ஐம்பது வருஷம் நிழலையும் சூரியனையும் பார்த்துப் படகைக் கரை சேர்த்த மனுஷருக்கு அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை.

கையை இறக்கினார். தொழுகையை விட்டு அப்படியே நின்றார். கடலைப் பார்த்தார், தன் நிழலைப் பார்த்தார், பிறகு முழுதாகத் திரும்பினார். பின்னால் நின்ற நான் அவருடைய மூக்குக்கு நேரே மாட்டிக்கொண்டேன். கையைக் கட்டியபடியே முழித்தேன். என்னைத் தாண்டி அவர் ஃபஹ்மியாவைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம், மகள்?"

என் வழியாக இல்லை. நேராக அவளிடம்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். வாப்பா சால்வையைத் தூக்கி அந்தப் பக்கம் விரித்தார். "இவ்வளவா? இன்னங் கொஞ்சமா?" என்று கேட்டார். "இன்னங் கொஞ்சம் வலப் பக்கம் வாப்பா," என்று சொல்லி, அவள் அவருடைய தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி விட்டாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரித் திரும்பினார். பிறகு நாங்கள் மூன்று பேரும் தொழுதோம். நான் அன்றைக்கு அழுதுகொண்டே தொழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, சப்பாத்துப் போடும்போது என் ஃபோன் அடித்தது. வீடியோ. எடுத்தால் என் வீட்டுக்காரர் ஃபாஹிம் வாடியில் நிற்கிறார், அவருடைய தோளுக்கு மேலால் நஜாத் ஹாஜியாரின் தலை! ஃபோனை மடியில் மறைக்கப் பார்த்தேன். மனுஷர் விடுவாரா? "ஆ, றம்லா! கொழும்பு எப்படி? வாப்பா எங்க?" என்று கத்துகிறார். குரலில் ஒரு நக்கல். பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்க்கிறார்கள்.

ஃபஹ்மியா படத்தில் விழாமல் ஒதுங்கிப் போனாள். அவளுக்குப் பழகிப்போன ஒதுக்கம். வெளிச்சவீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தலையைப் போர்த்திய தாவணியைச் சரிசெய்தாள்.

வாப்பா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார்."

"வஅலைக்குமுஸ்ஸலாம் ஹாசிம் நானா! என்ன, கொழும்புல பெரிய குளிரா? கம்பளிச் சட்டையெல்லாம் போட்டிருக்கீங்க?" அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது.

வாப்பா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கடல் பக்கம் ஃபோனைத் திருப்பிக் காட்டிவிட்டு, தன் பக்கம் திருப்பினார்.

"இது கொழும்பு இல்ல ஹாஜியார். ஜப்பான். கொழும்புண்டும் கந்தோருண்டும் இவ்வளவு காலமா நான் சொன்னதெல்லாம் பொய். பள்ளிக்குள்ள இருந்து சொன்ன பொய். அல்லாஹ் என்ன மன்னிக்கணும்."

வாடியில் சிரிப்பு நின்றது. வாப்பா நடந்து போய், சுவரோரம் நின்ற ஃபஹ்மியாவின் தோளில் கையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்தார். ஃபோனை இரண்டு பேருக்கும் முன்னால் தூக்கிப் பிடித்தார். கரையில் நின்று படகைக் கூப்பிடும் அந்தப் பழைய சத்தம் வந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க. இவ என்ட எளய மகள் ஃபஹ்மியா. இங்க வயசு போன ஆக்களப் பாக்குறா. குளிப்பாட்டுறா, வாயில சோறு தீத்துறா, அவங்கட ஊரத் தேடிப் போய்ப் படம் எடுத்துக் குடுக்குறா. இந்தப் பெரிய ஊருல இவளுக்குத் தெரியாத எடம் இல்ல. நான் இவட பின்னாலதான் நடக்குறன்."

ஃபஹ்மியா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்," என்றார் நஜாத் ஹாஜியார். அவருடைய நக்கல் போன இடம் தெரியவில்லை. "எத்தின வருஷமா அங்க இருக்கா?"

வாப்பா வாயைத் திறந்தார். அவருக்குத் தெரியாது. எண்ணி வைத்திருந்தால்தானே தெரியும்? ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடியே மகளின் பக்கம் குனிந்தார். அந்தப் பெரிய சத்தம் எங்கோ போய்விட்டது.

"எத்தின வருஷம், மகள்?"

"ஏழு, வாப்பா."

"ஏழு," என்றார் ஃபோனுக்கு. பிறகு ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு, அவளுடைய முகத்திலிருந்து கைகளை எடுத்து, அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.